வெண்டைத் தோட்டத்துக்கு மூணு சாட்சி

ஒரு ஊர்ல ஒரு வெள்ளாடு இருந்துச்சு. வெள்ளாடுன்னா வெள்ளையாத்தான் இருக்கணும்னு இல்ல, கறுப்புலயும் வெள்ளாடு உண்டு. ஆனா இது நெசமாவே வெள்ளை. பேரு சீமாட்டி. அது தலை குனியறது புல்லுக்கு மட்டும்தான். எங்க, ம் சொல்லு.

அந்த ஊர்ல வையாபுரின்னு ஒரு தோட்டக்காரர். ஒரு நாள் விடிஞ்சு பாத்தா, அவரு வெண்டைத் தோட்டத்துல ஒரு பாத்தியே மொட்டை! அப்போ அவரு கையில கயித்தோட வந்து, "ஏ சீமாட்டி, ராத்திரி நீதான் தின்னே. மூணு கேமரா சாட்சி இருக்கு. இன்னைக்கு உனக்குக் கசாப்புக் கடைதான்!" அப்படின்னாரு. ஊரே கூடிடுச்சு.

"ம்மே! கூப்பிடுங்க உங்க சாட்சிய"ன்னுச்சு சீமாட்டி.

அப்போ ங்ஙொய்ய்ங்னு பறந்து வந்துச்சு ட்ரோன் கேமரா. திருவிழாத் தேரையும் கூட்டத்தையும் மேல இருந்து புடிக்கறது.

"சாயங்காலம் வேலியோரம் ஒரு வெள்ளை முதுகு போச்சு. நான் பாத்தேன்."

"வாயப் பாத்தியா?"

"மேல இருந்தா வாய் தெரியாதே."

"அப்போ நான் முதுகாலயா தின்னேன்?"

ஊரு கொல்லுன்னு சிரிச்சுது. ட்ரோன் பொத்துனு தரையில உக்காந்துடுச்சு. ம் சொல்லு.

அப்புறம் வந்துச்சு மூக்கு நீண்ட கல்யாணக் கேமரா. மேடையில மாப்பிள்ளைக்கு வேர்க்கறதைப் பந்தியில இருந்தே புடிக்கும். அது காட்டின படத்துல வெண்டைச்செடி சீமாட்டி வாய்க்குள்ளயே இருக்கு! ஊரு "ஐயையோ"ன்னுச்சு.

"எங்க நின்னு எடுத்தே?"

"கோயில் வாசல்ல."

அம்மாந்தூரத்துல இருந்து இழுத்து எடுத்தா, முன்ன இருக்கறதும் பின்ன இருக்கறதும் ஒட்டிக்கும், கண்ணு. கேமரா பொய் சொல்லாது, தூரத்தை முழுங்கிடும், அவ்வளவுதான்.

"நான் அதே எடத்துல நிக்கறேன். பக்கத்துல வந்து, பக்கவாட்டுல எடு!"

க்ளிச்! பாத்தா, ஆட்டுக்கும் செடிக்கும் நடுவுல ஒரு வேலி, ஒரு வண்டிப்பாதை.

அப்புறம் மூணாவதா, கம்பத்துல இருக்கற சிசிடிவி. திருடனைக் காட்டிக் கொடுக்கறது அதுதான். வையாபுரி போன்ல அந்த வீடியோவைப் போட்டாரு. இருட்டுல ஒரு வெள்ளை ஆடு, கறக் முறக்னு செடியத் திங்குது! அவ்வளவுதான், சீமாட்டி கழுத்துல கயிறு விழுந்துடுச்சு.

சீமாட்டி நாலு காலையும் ஊனிக்கிச்சு. "இழுக்கறதுக்கு முன்ன, உங்க செவலைக் கெடாவக் கூட்டிட்டு வாங்க. இந்தக் கேமராவக் கம்பத்துல இருந்து எறக்கி, எங்க ரெண்டு பேரோட இருட்டு மோட்டார் ரூமுல வெச்சுக் கதவச் சாத்துங்க!"

செவலைன்னா செங்கல் நிறம். டமால்னு கதவைச் சாத்திட்டு போன்ல பாத்தா, உள்ள ரெண்டும் வெள்ளை!

"இருட்டுல எனக்கு நிறம் தெரியாதுங்க"ன்னு சிசிடிவி முனகுச்சு.

"நிறத்தையே பாத்தீங்களே, அந்த வீடியோவுல கொம்ப யாராச்சும் பாத்தீங்களா?"

அப்பத்தான் பாத்தாங்க. முறுக்கிக்கிட்ட பெரிய கொம்பு. சீமாட்டிக்கு இருக்கறதோ விரக்கடை நீளம். எல்லாரும் கெடாவைத் திரும்பிப் பாத்தாங்க. கெடா "ஏவ்"னு ஒரு ஏப்பம் விட்டுச்சு.

வையாபுரி கயித்தைக் கழட்டினாரு. "சரி சரி, நம்ம கெடா, வாயில்லா ஜீவன். வெறும் வெண்டைக்காய்தானே, விடுங்கப்பா. சீமாட்டி, நீ வீட்டுக்குப் போ."

போச்சா? போகல. வேலியைத் தாண்டி ஒரே குதி, தொபுக்!

"மூணு பேரும் இங்க திரும்புங்க. பட்டப்பகல், என் நிறம் தெரியும். நீ கிட்டக்க வா, தூரம் தெரியும். நீ கீழ எறங்கு, வாய் தெரியும். ம், இப்போ எடுங்க!"

கறக். முறக். கறக். முறக்.

"ஏய், ஏய்!"னு வையாபுரி கயித்தோட ஓடி வந்தாரு.

"எதுக்குங்க கயிறு? வெறும் வெண்டைக்காய்தானே!"

ஊரே அவரைப் பாத்துச்சு. அவரு கயித்தைப் பாத்தாரு. அப்புறம் அதைக் கீழ போட்டுட்டாரு. சீமாட்டி அவசரமே இல்லாம அடுத்த செடிக்குப் போச்சு.

ம் சத்தமே காணோமே? சரி. ஆடு அசை போட ஆரம்பிச்சாச்சு, கதையும் கால் மடக்கிப் படுத்தாச்சு, நீயும் தூங்கு.