பாயசம் வருமுன் மூடிய இலை

திருநெல்வேலிப் பக்கம், கை நரம்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

குரு டாக்டர் ஜெபராணி. சீடர் கோமதிநாயகம். பாதி ஆயுள் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மாத்திரை எழுதிவிட்டு, நரம்பு வைத்தியம் படிக்கும் ஆசையில் வந்து சேர்ந்தவர். பாடத்தைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார். பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

அன்று காலை மாடசாமி வந்திருந்தார். பரோட்டா மாஸ்டர். கடைக் கண்ணாடி உடைந்து வலது முழங்கைக்குக் கீழே கிழித்ததில் நரம்பு அறுந்துபோனது. ஜெபராணிதான் தைத்தார். தைத்துச் சில மாதங்கள் ஆகியும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தே கிடந்தன. அந்தக் கையை வைத்துக்கொண்டு மாவு வீச முடியாது.

கோமதிநாயகம் சுண்டுவிரல் நுனியில் ஊசியால் குத்தினார்.

“தெரியுதா அண்ணாச்சி?”

“இல்ல சார்.”

“இப்போ?”

“ஒண்ணும் தெரியல சார்.” மாடசாமி தயங்கினார். “ஒரு வாட்ச்மேன் வேலை இருக்குன்னு சொல்லுதாவ. இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும். போயிரட்டுமா?”

“போயிருங்க. இனிமே கைப் பயிற்சிக்கும் அலைய வேண்டாம்.”

மாடசாமி மரத்த கையை நல்ல கையால் தாங்கிக்கொண்டு, ஊருக்குத் தென்காசி பஸ் பிடிக்க எழுந்து போனார். அடுப்பை விட்டு விலகுவது அவருக்கு எவ்வளவு பெரிய துக்கம் என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கோமதிநாயகம் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

மதியம் வார்டு நர்ஸின் மகள் கல்யாணத்தில் சாப்பாடு. குருவும் சீடரும் சேர்ந்தே போனார்கள். போகும் வழியில் சீடர் ஆரம்பித்தார்.

“மேடம், ஒரு சந்தேகம். நரம்பு அறுந்தா, அது வளரத் தேவையான வளர்ச்சிக் காரணியை உடம்பே சுரக்குது. அப்படி இருந்தும் ஏன் சில கைக்கு உணர்ச்சி திரும்புறதில்ல?”

“சுரந்தா மட்டும் போதுமா?”

“போதாது. வாங்கிக்கிற செல் மேல அதைப் பிடிச்சுக்க ஏற்பி இருக்கணும். காயம் பட்டதும் நரம்போட உறை செல்லெல்லாம் ஏற்பியை நிறைய விரிச்சு வைக்கும். ரொம்ப நாள் நரம்பு வந்து சேரலைன்னா அது குறைஞ்சுகிட்டே போயிரும்.”

“பாடம் சரியாத்தான் இருக்கு. சந்தேகம் என்ன?”

“அந்த ஏற்பியெல்லாம் மூடிருச்சா இல்லையான்னு வெளிய இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாடசாமிக்கு விரல்ல உணர்ச்சியே வரல. சரி, மூடிருச்சுன்னு அனுப்பிட்டேன்.”

ஜெபராணி கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார். “சாப்பிடுவோம் வாங்க” என்றார்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. சாம்பார், ரசம் எல்லாம் ஆயிற்று. கோமதிநாயகம் அப்பளத்தை மட்டும் ஓரமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பாயசத்தோடு நொறுக்கிச் சாப்பிட. வரிசையின் அந்தக் கோடியில் பாயச வாளி கிளம்பிவிட்டது. அவர் கண்ணும் கூடவே வந்தது.

வாளி நாலு இலை தள்ளி வந்தபோது ஜெபராணி கையை நீட்டி அவருடைய இலையை மூடிவிட்டார்.

பரிமாறுகிறவர் வந்தார். மூடிய இலையைப் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார்.

கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்துபோனது. சாப்பிடுகிறவன் இலையை அடுத்தவர் மூடுவதாவது! “என்ன மேடம் இது?”

“உங்க இலையைப் பார்த்தேன். ஒரு சொட்டுப் பாயசம்கூட விழல. சரி, உங்களுக்கு இல்ல போலன்னு மூடிட்டேன்.”

“எப்படி விழும்? வாளி வந்துகிட்டுல்லா இருந்துச்சு!”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணு முன்னால வருதே! நாலு இலை தள்ளி...”

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“நீங்க வரிசையைப் பார்த்தீங்க” என்றார் ஜெபராணி. “மாடசாமிக்கு எங்கே பார்த்தீங்க?”

கோமதிநாயகம் கை கழுவினாரோ இல்லையோ, ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். தென்காசி பஸ் நிற்கும் இடத்தில், வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு மாடசாமி உட்கார்ந்திருந்தார். போனை இடது கையில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, வேலைக்கு வாறேன்னு சொல்லிட்டீங்களா?”

“இப்பதான் சொல்லலாம்னு எடுத்தேன் சார்.”

“சொல்லாதீங்க. கையை நீட்டுங்க.”

பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே அந்தக் கையை மடியில் வாங்கிக்கொண்டார். தழும்பிலிருந்து விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே கீழே வந்தார். முதலில் ஒன்றுமில்லை. இன்னும் கீழே. மணிக்கட்டை நெருங்கும் இடத்தில் தட்டியதும் மாடசாமி துள்ளினார்.

“எய்யா! என்னய்யா செஞ்சீங்க? சுண்டுவிரல்ல கரண்டு அடிச்ச மாதிரி சுரீர்ங்குது!”

“எந்த விரல்ல?”

“சுண்டு...” மாடசாமி தன் விரலைப் பார்த்தார். “இதுதான் செத்துப்போச்சே சார்.”

“சாகல அண்ணாச்சி. வளருற நரம்பு நுனியில தட்டினா இப்படித்தான் சுரீர்ங்கும். நரம்பு இதுவரைக்கும் வந்திருக்கு. வந்துகிட்டு இருக்கு.” கோமதிநாயகம் அந்தக் கையை விடவில்லை. “நான் நுனியை மட்டும் பார்த்துத் தப்பாச் சொல்லிட்டேன். நாளைக்குப் பயிற்சிக்கு வந்துருங்க. ஒரு நாளும் விடக் கூடாது.”

மாடசாமி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு மணிக்கட்டில் அதே இடத்தைத் தானே தட்டிப் பார்த்தார். திரும்பவும் தட்டினார். பஸ் வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கோமதிநாயகம் குருவின் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

“இன்னும் என்ன?”

“விரல் வரைக்கும் போக இன்னும் மாசக்கணக்காகும் மேடம். அவ்வளவு பிந்திப் போய்ச் சேர்ந்து பிரயோஜனம் இருக்குமா?”

ஜெபராணி மேஜை ஓரத்தில் மூடி வைத்திருந்த டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். மதியம் பந்தியில் அவரைத் தாண்டிப் போன பாயசம்.

“ஆறித்தான் போச்சு. குடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.”