வைத்தியசாலை வாசலில் மூன்று நாள் ஆராய்ச்சி

மேலப்புளியூர் என்று ஒரு சமஸ்தானம். சமஸ்தானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ராஜா அரண்மனையில் தும்மினால் எல்லைக் காவல்காரன் "நூறாயுசு" என்பான். அம்மட்டுதான் நாடு.

அந்த ஊர்க் கோட்டைச் சுவர் மழையில் விழுந்துவிட்டது. திரும்பக் கட்டக் கல் இல்லை. பொன்னுருவி என்கிற மருத்துவச்சியின் வைத்தியசாலை மட்டும் நல்ல கருங்கல் கட்டடம். அதை இடித்தால் சுவருக்குக் கல் ஆச்சு. ஆனால் காய்ச்சல்காரர்களுக்குப் போக்கிடம் அது ஒன்றுதான். இடிக்கலாமா, வேண்டாமா? பூவலிங்க ராஜாவுக்கு மண்டை காய்ந்தது. ஆராய்ச்சிக்காரர்களைக் கூப்பிட்டார்.

நோய்நொடியை ஆராய எழுமலை, விலைவாசியை ஆராயச் சப்பாணிமுத்து, நாட்டுக் காவலை ஆராயத் திருவாழியார். திருவாழியார்தான் மூத்தவர். அதனால் எந்தத் தப்பையும் முதலில் அவர்தான் செய்வார். மற்ற இருவரும் மரியாதையாகப் பின்னால் செய்வார்கள்.

"வைத்தியசாலை வாசலில் மூன்று நாள் உட்காருங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். யார் எதைச் சொன்னாலும் எழுதக்கூடாது. எழுதினால் மொட்டைதான்" என்றார் ராஜா.

மூவரும் தலையைத் தடவிக்கொண்டே போய் முன்வாசலில் உட்கார்ந்தார்கள்.

பொன்னுருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி முன்வாசலில் வரலாம். மருந்து குடித்ததும் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். வந்த வழியே திரும்பினால், காத்திருக்கிறவனுடைய இருமலையும் வாங்கிக்கொண்டு போவான் என்பது அவள் கணக்கு. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்வாசல் தெரியாதே!

முதல்நாள் நாற்பது பேர் உள்ளே போனார்கள். எழுமலை ஏட்டில் நாற்பது கோடு போட்டான். ஒருத்தரும் வெளியே வரவில்லை.

"அண்ணாச்சி, போனவங்க எங்கே?" என்றான்.

"உள்ளேதான்" என்றார் திருவாழியார்.

"பின்பக்கமாப் போயிருப்பாங்களோ?"

"நீ பார்த்தியா?"

"பார்க்கலை."

"அப்போ மொட்டை போட ஆசையா?"

எழுமலை ஏட்டை மூடிவைத்தான்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் கோடு நூற்று நாற்பது ஆகிவிட்டது. கட்டடமோ நாலு கட்டிலுக்கு மேல் கொள்ளாது. மூவரும் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள்.

"இத்தனை பேருக்கு ஒருபடி அரிசிகூட உள்ளே போகலையே!" என்றான் சப்பாணிமுத்து. "சாப்பாடே இல்லாம ஜனங்க இருக்காங்க. நாட்டில் பஞ்சம் ஒழிஞ்சுது அண்ணாச்சி!"

"நோயாளி அத்தனை பேரும் உள்ளே. அப்போ வெளியில் நோயே இல்லை" என்றான் எழுமலை.

திருவாழியார் குரலைத் தாழ்த்தினார். "முட்டாள்களா, நாலு கட்டில் இடத்தில் நூற்று நாற்பது பேர். ஒரு முணுமுணுப்பு உண்டா? இது நோயாளிக் கூட்டமில்லை. பழகின படை!"

மூன்றையும் எழுதி ராஜாவிடம் நீட்டினார்கள். ராஜா இரண்டுமுறை படித்துவிட்டு, கடப்பாரை ஆட்களையும் கூட்டிக்கொண்டு நேரே வந்து, "உள்ளே படை இருக்கிறதாமே?" என்றார். ஆராய்ச்சிக்காரர்கள் பழையபடி வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பொன்னுருவி கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். "மகாராசா, படையுமில்லை, கிடையுமில்லை. எல்லாரும் குணமாகி வீட்டுக்குப் போயாச்சு. இடிச்சுப்புட்டா நாளைக்கு மலைக்காய்ச்சல்காரன் எங்கே போவான்?"

"சொன்னதை நம்புகிற ராஜா நான் இல்லை. உள்ளே போய்ப் பார்ப்பேன். படை இருந்தால் நாட்டுக்குச் சுவரே வேண்டாம், கட்டடம் நிற்கும். இல்லையென்றால் இப்போதே கடப்பாரை" என்று ராஜா இருமிக்கொண்டே முன்வாசலில் நுழைந்தார்.

உள்ளே நாலு கட்டிலும் ஒரு கஷாயப் பானையும்தான் இருந்தன. ராஜா கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"நெஞ்சு கட்டியிருக்கே" என்று பொன்னுருவி ஒரு குவளை கஷாயத்தை அவர் வாயில் ஊற்றி, எல்லாரையும் அனுப்புகிற மாதிரியே பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டாள்.

ராஜா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். "உள்ளே ஈ காக்கா இல்லை! இடியுங்கடா!"

கடப்பாரைகள் ஓங்கின. "நிறுத்து!" என்று எழுந்தார் திருவாழியார். "நீர் யார் ஐயா, உத்தரவு போட?"

"உங்கள் ராஜா!"

"ராஜா உள்ளே போனதைப் பார்த்தோம். வெளியே வந்ததைப் பார்க்கவில்லையே."

"இதோ நிற்கிறேனே!"

"அது நீர் சொல்வது. சொன்னதை எழுதினால் மொட்டை."

எழுமலை ஏட்டை நீட்டினான். நூற்று நாற்பத்தொன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில், 'ராஜா, இருமல், உள்ளே' என்று இருந்தது.

ராஜா படித்தார். முகவாயைச் சொறிந்தார். "எழுத்து சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

"ராஜா உள்ளே இருக்கும்போது கட்டடத்தை இடிக்கலாமா?" என்று கேட்டான் சப்பாணிமுத்து.

"இடித்தவன் தலையை எடுத்துவிடுவேன்" என்றார் ராஜா. ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். பொன்னுருவி அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விட்டாள்.

"இப்போது என்ன செய்வது?" என்றார் ராஜா.

"ராஜா வரட்டும். வந்ததும் அவரையே கேட்போம்" என்றார் திருவாழியார்.

ராஜாவும் அவர்களோடு வாசலில் உட்கார்ந்தார். கஷாயம் வேலை செய்ய ஆரம்பித்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது. துண்டை விரித்துப் படுத்தார்.

"திருவாழி, நான் வெளியே வந்தால் என்னை எழுப்பிவிடு."

"கட்டாயம் எழுப்புகிறேன். ராஜா வருகிற நேரத்தில் நீர் காலை நீட்டிக்கொண்டு கிடந்தால் அவருக்குக் கோபம் வரும்."

"வரும், வரும். எனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லி, ராஜா காலை மடக்கிக்கொண்டு தூங்கிப்போனார்.