கேஸ் நிற்காத பெட்டி

தில்லையம்மையின் மடத்துக்கு வருகிறவர்கள் பிழைத்துப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகுதான் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். அம்மை மருந்தும் கொடுக்கமாட்டாள், மந்திரமும் போடமாட்டாள். கழுவித் துடைத்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய ஒரே சீடர் ஆவுடையப்பன் அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவர். தூத்துக்குடியில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர். மனைவியைப் பறிகொடுத்த பிறகு கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஞானம் வேண்டும் என்று கேட்டார். அம்மை துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மடத்தில் பழைய ஃப்ரீசர் பெட்டி ஒன்று இருந்தது. பிணம் வைக்கிற பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஐஸ்கிரீம் கடையில் மூடியைத் தூக்கித் திறப்பார்களே, அது. யாரோ ஒரு புண்ணியவான் தனக்கு ஆகாது என்று ஆனதும் தானம் செய்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சித்திரையில் பெட்டி குளிர மறுத்தது. உள்ளே இருந்ததெல்லாம் செல்லக்கனிக்கான ஐஸ்.

செல்லக்கனி உப்பளத்தில் வேலை பார்த்தவள். தொண்டையில் புற்று. கஞ்சி இறங்காது, தண்ணீரும் இறங்காது. கடலைப்பருப்பு அளவு ஐஸை நாக்கில் வைத்தால் மட்டும் முகம் கொஞ்சம் தளரும். இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த சுகம் அது ஒன்றுதான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பக்கத்து ஐஸ் கம்பெனியையும் பூட்டியிருந்தார்கள்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். கரண்ட் ஒழுங்காக வந்தது. மூடியின் இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். ரப்பர் இறுகப் பிடித்தது. பின்பக்கம் அடைந்துகிடந்த தூசியைத் துடைத்தார். தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்த்தார். கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தொட்டால் கை சுட்டது. ஆனால் உள்ளே ஒரு மூலையில்தான் பனி பிடித்திருந்தது. மற்ற சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது.

குளிர வைக்கிற கேஸ் குறைந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் காத்திருந்தார். எங்கேயும் குமிழி வரவில்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தாயி, இது தேறாது. தூக்கிப் போட்டிரலாம்" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"ஓட்டை வெளிய இல்ல. சுவத்துக்குள்ள புதைஞ்ச குழாயில இருக்கு. ஒடைச்சாத்தான் பாக்க முடியும். ஒடைச்சா பெட்டியே போச்சு."

"உங்க கடையில கேஸ் இருக்குல்லா? அத மட்டும் போட்டா?"

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஓட்டைய அடைக்காம கேஸ் போடுதது களவாணித்தனம் தாயி. அப்படிப் பொழைக்கிறவன் எத்தனையோ பேரு இருக்கான். எங் கையால ஒரு நாளும் நான் அதச் செஞ்சதில்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. கேஸை மட்டும் நிரப்பிவிட்டு, அது தீர்ந்ததும் ஒன்றும் தெரியாதவர்போல மறுபடி வந்து நிற்கிற மெக்கானிக்குகள் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆவுடையப்பன் அந்த ரகம் இல்லை. மனைவி போய், கடையையும் பூட்டிய பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெருமைதான்.

அவருக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது.

"இங்க எதத் தாயி நாம சரி பண்ணியிருக்கோம்? வாரவுக எல்லாரும் போயிருதாவ. நான் தொட்டது எதுவும் நிக்கல. எம் பொண்டாட்டிய நிறுத்த முடிஞ்சுதா? எப்படியும் சாகப்போறதுக்கு எதுக்கு வைத்தியம்? எல்லாம் வீண்."

"நீங்க சொல்லுதது ஞாயந்தான்" என்றாள் அம்மை. "உள்ள போயி செல்லக்கனிகிட்ட இத அப்படியே சொல்லிட்டு வாங்க."

ஆவுடையப்பன் விறைப்பாகத்தான் உள்ளே போனார்.

செல்லக்கனி கண்ணைத் திறக்காமலே காலடிச் சத்தத்தில் அவரைத் தெரிந்துகொண்டாள். ஐஸ் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. திறந்த வாயோடு காத்துக் கிடந்தாள்.

ஆவுடையப்பன் பெட்டிக்கு ஓடினார். தண்ணீருக்கு நடுவே மிதந்த கடைசித் துண்டை அள்ளிக்கொண்டு வந்து அவள் நாக்கில் வைத்தார். வைத்த உடனே அது கரைந்துவிட்டது.

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

ஆவுடையப்பன் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். அம்மை தேற்றவில்லை. அழுது முடிக்கிறவரை பக்கத்தில் இருந்தாள்.

"சொல்லிட்டீங்களா அண்ணாச்சி?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கேஸ் போட்டா எத்தன நாள் நிக்கும்?"

"ஒரு மாசம் நின்னாப் பெருசு. அதுக்கு மேல சத்தியமா நிக்காது."

"செல்லக்கனி?"

ஆவுடையப்பன் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாசல் வழியாக அவர் எத்தனையோ பேரைப் பிணமாக வெளியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மூச்சைக் கேட்டாலே அவருக்குத் தெரியும்.

"இந்த வாரம் தாண்டாது தாயி."

"அப்போ பெட்டியில ஒரு பழுதும் இல்ல அண்ணாச்சி" என்றாள் அம்மை.