சப்பரம் தூக்க ஒரே ஆம்பளை

கோயில் கொடைத் திருவிழாவன்று அம்மன் சப்பரம் கிளம்பும் நேரம் பார்த்து, தர்மகர்த்தா துரைப்பாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு, தோள் கொடுக்க நின்ற மாடக்கண்ணுவிடம் வந்தார்.

“ஏலே, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டியாமே? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? தோள்ல பலம் இருக்குமா? அதைப் பண்ணிக்கிட்டவன் எவனும் சப்பரத்தைத் தொடக்கூடாது!”

“உத்தரவு மொதலாளி” என்று மாடக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு விலகினான். “ஏப்பா, கேட்டுச்சா? பண்ணிக்கிட்டவங்க எல்லாரும் விலகிருங்க. அம்மன் பார்த்துக்கிட்டிருக்கா, யாரும் பொய் சொல்லப்படாது.”

பக்கத்தில் நின்ற சிவனணைந்தான் நெளிந்தான், பிறகு விலகினான். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக அசட்டுச் சிரிப்போடு ஒதுங்க, சப்பரம் நடுத்தெருவில் தனியாக நின்றது. மேளமும் ஓய்ந்தது.

மாடக்கண்ணு கைகட்டிப் பணிவாகச் சொன்னான்: “ஆம்பளைன்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம் மொதலாளி. தூக்குங்க, அம்மனுக்கு நேரமாகுது!”