இரண்டு வருஷம் நிற்கும் ஹீல்

அநியாயம் இழைக்கப்பட்டது ஜெசிந்தாவுக்கு. வேலூரில் ஒரு நாலு மாடி ஜவுளிக்கடை. மூன்றாம் மாடியில் பட்டுப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை அவளை அங்கே நிற்க வைத்தார்கள். சாப்பிட இருபது நிமிஷம். மற்றபடி நிற்பதுதான். கடைக்குள் ஈ காக்கை இல்லாத மத்தியானம் மூன்று மணிக்கும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது, காமிரா இருக்கிறது.

கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் மாடிக்கு ஒரு ஸ்டூலும் இருந்தது. மூன்றாம் மாடி ஸ்டூலில், மாம்பழ நிறப் பட்டு கட்டிய ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது.

ஜெசிந்தாவின் வேலை தொடங்குவதே ஒரு வார்த்தையில்தான்: “உட்காருங்க மேடம்.” ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்வாள். வாய் அதற்கு அவ்வளவு பழகிவிட்டது. வார லீவு நாளில் அப்பாவோடு ரேஷன் கடைக்குப் போனவள், வரிசையில் பின்னால் வந்து நின்ற அம்மாளைத் திரும்பிப் பார்த்து, “உட்காருங்க மேடம், என்ன ரேட்டுல பார்க்கறீங்க?” என்று கேட்டுவிட்டாள். வரிசையே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். பையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா ஞானப்பிரகாசம் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஷூவை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்.

“கனவுல பஸ்ல சீட்டு கிடைச்சுதுப்பா. ஜன்னல் சீட்டு.”

“எங்க போன?”

“எங்கயும் போகல. பஸ் கிளம்பவே இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்ளோதான்.”

ஞானப்பிரகாசம் முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் ஹீல் ஒட்டியவர். கம்பெனி மூடிவிட்டது, கை சும்மா இல்லை. மகளுக்கு நல்ல ஹீலாக ஒன்று செய்து போடுவோம் என்று நினைத்தார். கடையில் கொடுக்கிற கறுப்பு ஷூவில் ஹீல் மூன்று மாதம் தாங்குவதில்லை. இதைக் கேள்விப்பட்ட மாடி மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“எல்லாருக்குமே நீங்களே செஞ்சு குடுங்க. மூணே கண்டிஷன். பன்னிரண்டு மணி நேரம் நிக்கணும். சத்தம் வரக் கூடாது. ரெண்டு வருஷம் தேயக் கூடாது.”

“ஹீலைச் சொல்றீங்களா சார்?”

“பின்னே யாரை?” என்றார் மேனேஜர்.

ஹீல் ஒட்டத் தெரிந்தவருக்கு ஹீல் வடிவமைக்கத் தெரியாது. மேல்விஷாரத்தில் அதற்கென்றே பட்டறை வைத்திருந்த ஜீனத்திடம் போனார். குருவுக்கு வயது முப்பத்துமூன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

“உட்காருங்கண்ணே,” என்று ஸ்டூலைக் காட்டினாள் ஜீனத்.

அவர் உட்கார்ந்தார். “வாத்தியாரம்மா, தேயாத ஹீல் எப்படிச் செய்யறது?”

“எது அதைத் தேய்க்குது?”

“தரைதான். வேற எது?”

“பார்த்தீங்களா?”

“பார்க்க என்ன இருக்கு?” என்றார் ஞானப்பிரகாசம்.

ரப்பரோடு கரியும் கந்தகமும் எவ்வளவு சேர்க்க வேண்டும், அச்சில் எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று மட்டும் ஜீனத் சொல்லிக் கொடுத்தாள். அவர் கரியைக் கூட்டிப் போட்டார். கருங்கல் போல ஒரு ஹீல் வந்தது. உப்புத்தாள் சுற்றிய உருளையில் வைத்து ஓட்டிப் பார்த்தார். உப்புத்தாள்தான் தேய்ந்தது. மகிழ்ச்சியாக மகள் ஷூவில் ஒட்டி அனுப்பினார்.

ஆறு வாரத்தில் அந்த ஷூவோடு திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“போயிடுச்சு வாத்தியாரம்மா.”

ஜீனத் அலமாரியிலிருந்து இன்னொரு பழைய ஷூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். “இது ஒரு போஸ்ட்மேனோடது. பாருங்க.”

தபால்காரர் ஹீலில் பின்பக்க வெளியோரம் கத்தியால் சீவியதுபோலச் சரிந்திருந்தது. ஜெசிந்தாவின் ஹீலில் ஓரமெல்லாம் அப்படியே இருந்தது. அடியில் பதிந்த அச்சு எண்கூட அழியவில்லை. ஆனால் உயரம் பாதியாகி, ஹீல் அப்பளமாக நசுங்கியிருந்தது.

“தேயவே இல்லையே அண்ணே. இந்தப் பொண்ணு நடக்கறதே இல்லையா?”

“நிக்கறா. சுவத்துல சாயக்கூடக் கூடாது, காமிரா இருக்கு,” என்றார் ஞானப்பிரகாசம்.

“அப்ப அந்த உருளையில நீங்க எதைச் சோதிச்சீங்க?”

அவர் ஷூவைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

அடுத்த தடவை வேறு விதமாகச் செய்தார். கரியைக் குறைத்தார். உள்ளே தேன்கூடு போல அறைகள் விட்டார். செய்த ஹீலைத் திருகு இடுக்கியில் இறுக்கி முப்பது நாள் அப்படியே வைத்தார். முப்பத்தோராம் நாள் திருகைக் கழற்றினதும் ஹீல் மெல்ல மெல்ல நிமிர்ந்து பழைய உயரத்துக்கு வந்தது. மகளுக்கு ஒரு ஜோடி, தனக்கு ஒரு ஜோடி ஒட்டிக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து, வார லீவன்று காலை மகளிடம் கேட்டார்.

“ஹீல் எப்படிம்மா இருக்கு?”

“சூப்பரா இருக்குப்பா. அமுங்கவே இல்ல.”

“அப்ப ஏன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற?”

“ஹீலைக் கேட்டீங்க, ஹீலைச் சொன்னேன்.”

அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கணுக்கால் என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்து ஓடியது. “பரவால்லப்பா, பட்டு செக்ஷன்ல எல்லாருக்கும் இதே டிசைன்தான்,” என்றாள். வயது இருபத்துநாலு.

ஞானப்பிரகாசம் அன்றைக்கே மேல்விஷாரம் போனார்.

பட்டறையில் ஸ்டூலைக் காணோம். ஜீனத் தலை நிமிராமல் அச்சில் வேலையாக இருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவர் நின்றார். ஒரு மணி நேரம் போயிற்று. வலது காலில் நின்றார், பிறகு இடது காலில். இரண்டாவது மணியில் இடுப்பில் கை வைத்தார். மூன்றாவது மணியில் மெதுவாகச் சுவரில் சாய்ந்தார்.

“சாயாதீங்கண்ணே. காமிரா இருக்கு.”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சுவரில் ஒரு காலண்டர்தான் இருந்தது.

“ஸ்டூல் எங்கம்மா?”

“எதுக்கு?”

“உட்காரத்தான்.”

“நீங்க செஞ்ச ஹீலைத்தானே போட்டிருக்கீங்க? நல்ல ஹீலாச்சே அது.”

ஞானப்பிரகாசம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

ஜீனத் உள்ளே போய் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். இரும்புக் கால்கள் சிமெண்டுத் தரையைப் பிறாண்டின. பல் கூசியது.

“இதுக்கு நாலு கால் இருக்கு. ஒண்ணுக்காவது ஹீல் இருக்கா பாருங்க. தரையைக் கீறுது, கத்துது. செஞ்சு குடுங்க.”

அவர் முதல் ஹீலின் கடினத்தையும் இரண்டாவதன் நெகிழ்வையும் சேர்த்து நாலு சின்ன ஹீல் வார்த்தார். வேலை முடிந்ததும் ஸ்டூலைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். “இருங்கண்ணே, நானும் வரேன்,” என்று புர்காவை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள் ஜீனத்.

கடையில் மத்தியானம் மூன்று மணி. பட்டுப் பிரிவில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. பதினோரு பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பொம்மை உட்கார்ந்திருந்தது.

“ஹீல் எங்க?” என்றார் மேனேஜர்.

ஞானப்பிரகாசம் ஸ்டூலைக் கவிழ்த்துக் காட்டினார். மறுபடி நிமிர்த்தித் தரையில் வைத்தார். சத்தம் வரவில்லை.

“பன்னிரண்டு மணி நேரம் நிக்கும் சார். சத்தம் வராது. ரெண்டு வருஷம் தேயாது.”

“யோவ், நான் கேட்டது பொண்ணுங்க நிக்கறதுக்கு.”

“ஹீலைச் சொல்றீங்களான்னு நான் அன்னிக்கே கேட்டேனே சார். ‘பின்னே யாரை’ன்னு ஹீலைத்தானே சொன்னீங்க? அதான், ஹீலை நிக்க வெச்சிருக்கேன்.”

மேனேஜர் முகம் சிவந்தது. “சட்டப்படி சீட்டு ஏற்கெனவே இருக்கு,” என்று பொம்மையைக் காட்டினார்.

ஜீனத் பொம்மையின் அருகில் போய் அதன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“இவங்க எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தாங்க சார்?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு பதினோரு பேரும் சிரித்தார்கள். மேனேஜர் நிமிர்ந்து காமிராவைப் பார்த்தார். காமிரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் சொல்லவில்லை.

ஸ்டூல் நின்றது.

ஜெசிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பாத பஸ்ஸின் ஜன்னல் சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“உட்காருங்க மேடம்,” என்றாள் ஜீனத்தைப் பார்த்து.

ஜீனத் உட்காரவில்லை.

“வார்த்தை சரிதாம்மா,” என்றாள். “ஆள்தான் மாறிப்போச்சு.”