சுருளாடல் செய்யக் கூடாது

தாமரைக்குப்பத்தில் வீட்டுக்கு ஆள் குறைந்தாலும் செல்போன் குறையாது. அந்த ஊர்ச் சொல்லாக்க மன்றத்தின் தலைவர் அறவாழி, ரிங்டோனுக்கு 'அழைப்போசை', கேமுக்கு 'விரலாட்டம்' என்று வரிசையாகப் பெயர் வைத்துவிட்டு, ரீல்ஸுக்கு 'சுருளாடல்' என்று சொல்லி மீசையைத் தடவிக்கொண்டார்.

மன்றத்தைப் பெருக்கித் துடைக்கும் செவந்திக்கு ஒன்றும் புரியவில்லை. "இது ஏதும் வயித்துக் கோளாறுங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டாள்.

அறவாழிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சந்தை நாளுக்குள்ள ஊரே இந்தச் சொல்லைப் பேசணும். பேசலைன்னா நீ வேலைக்கு வராதே!"

செவந்தி தலையைச் சொறிந்தாள். பிறகு மன்றத்து வாசலில் ஒரு பலகையை மாட்டினாள்: 'இங்கே சுருளாடல் செய்யக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

அவ்வளவுதான். டீக்கடை, குழாயடி, பஸ், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு.

"சுருளாடல்னா என்னடா?"

"தெரியலைண்ணே. கூடாதுன்னு பலகையே வச்சிருக்காங்கன்னா விஷயம் பெருசுதான்."

சந்தை நாளில் அறவாழி மேடையேறி மார்தட்டினார். "சுருளாடலைப் பெற்றெடுத்தவனே நான்தான்! தினமும் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அனுபவிக்கிறேன்!"

பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கீழே இறங்கியவர், எல்லாம் அந்தப் பலகையால் வந்த வினை என்று புரிந்து செவந்தியிடம் பாய்ந்தார். "என்ன காரியம் பண்ணினே?"

"ஊரே பேசுதுங்களே ஐயா," என்றாள் அவள் மெதுவாக. "அர்த்தத்தையும் சேர்த்துப் பரப்பச் சொல்லலையே நீங்க?"

செவந்தியின் வேலை தப்பிப் பிழைத்தது. அறவாழிதான் பாவம், பொழுது சாயும்வரை வீடுவீடாகக் கதவைத் தட்டினார்.

"அது ரீல்ஸுதாம்மா... வெறும் ரீல்ஸுதான்!"