அளவெடுத்து வந்த அம்மை

முன்னொரு காலத்தில் கருவேலூர் நாட்டை வீரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றால், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினான். தவமிருந்து பெற்ற ஒரே மகன் அவனுக்கு. ராஜா வீட்டுப் பிள்ளை வெறும் உடம்போடு கிடக்கலாமா? சித்திரை வெயிலிலும் கைக்குழந்தைக்குக் கனத்த ஜரிகைச் சட்டை.

ஒருநாள் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

ராஜவைத்தியர் அனந்தகூத்தர் வாசற்படியில் நின்றே பார்த்தார். "அம்மை போட்டிருக்கிறது, மகாராஜா. செவிலி வெள்ளச்சி கொண்டுவந்ததுதான். வெள்ளிக்கிழமை அவளை நாடு கடத்துங்கள்."

ராஜா தலையாட்டினான். வெள்ளச்சியை வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி பொன்னையா. மந்திரிமேல் வைத்தியருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அதற்கு மட்டும் அவரிடம் மருந்தில்லை.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. "இந்தப் பிள்ளையை விட்டுட்டு நான் எங்கே போவேன்?" என்று வெள்ளச்சி அழுதாள்.

மந்திரி குழந்தையைத் தூக்கினார். உடம்பு சுடவில்லை. வயிறு நிறையப் பால் குடித்திருந்த குழந்தை, அவர் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. முகத்திலும் காலிலும் ஒரு புள்ளிகூட இல்லை. அவர் நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, வைத்தியர் இளவரசர் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தப் பெருமைக்கு ஏற்றபடி, அதே ஜரிகைத் துணியில் அவருக்கும் ஓர் அங்கி கொடுங்கள்."

வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை. சாத்திய அறையில், தூங்கும்போதுகூட அங்கியைக் கழற்றவில்லை. அவர் குறட்டை விட்ட நேரத்திலெல்லாம் வெள்ளச்சி, மந்திரி சொன்னபடி குழந்தையின் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. குழந்தையின் உடம்பில் புள்ளிகள் மறைந்திருந்தன. வைத்தியரோ தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மந்திரி அவர் அங்கியை விலக்கிக் காட்டினார்.

"ஆத்தா இளவரசரை விட்டு இறங்கி வைத்தியரிடம் வந்துவிட்டாள், மகாராஜா. இவரையும் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாமா?"

வைத்தியர் பதறினார். "ஐயையோ, இது வெறும் வேர்க்குரு. காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. அங்கி மூடிய இடத்தில் மட்டும்தானே இருக்கிறது? அம்மை என்ன, தையற்காரனிடம் அளவெடுத்துக்கொண்டா வரும்?"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"இதைத்தான் அன்றைக்கே சட்டையைக் கழற்றிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றார் மந்திரி.

அவர்தான் கடைசியாகப் பேசினார் என்பதால் ராஜா அவருக்குத் தலையாட்டினான். வெள்ளச்சிக்கு ஒரு தங்கக் காப்பு கிடைத்தது. வெயில் தணியும்வரை அவள் பக்கத்தில் நின்று குழந்தைக்கு விசிறிவிடும் வேலை வைத்தியருக்குக் கிடைத்தது.

மறுநாள் ராஜா பட்டையும் பீதாம்பரத்தையும் எறிந்துவிட்டு, ஒரு துண்டோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். வைத்தியரைக் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னான்: "குழந்தைக்கு விசிறி முடிந்ததும் என் முதுகுக்கும் கொஞ்சம் வீசும்."